தார்ப்பாய் போடாத லோரி

1. ஒத்திகை

வெள்ளத்திலிருந்து மக்களை வெளியேற்ற நான் போட்ட முதல் திட்டம் ஒத்திகையிலேயே தோற்றது. பாலிடெக்னிக் முடித்து, கோலசிலாங்கூரில் ஓர் என்ஜினியர் அலுவலகத்தில் டெக்னிஷனாகச் சேர்ந்த புதிது. இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

என்னிடம் கொடுக்கப்பட்டது கடலோரச் செம்பனைத் தோட்டம். மேற்கே பண்டு, அதாவது கடலைத் தடுக்கும் மண்கரை. அதையொட்டிய பள்ளத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை. கிழக்கே பெரிய சாலை. அதன் மேட்டில் தமிழ்ப்பள்ளி. கடல் ஏற்றமும் கனமழையும் ஒன்றாக வந்தால் பண்டு தாங்காது என்பது எங்கள் கணக்கு.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் மனம் அடங்கும். மணி அடித்ததும் முதலில் குழந்தைகள், லோரியில், நேர்ச் சாலை வழியாக. அடுத்து முதியவர்கள், டிராக்டரில். காட்டில், அதாவது செம்பனை வரிசைகளுக்குள், வேலையாக இருப்பவர்கள் அங்கிருந்தே பள்ளிக்கு நடக்க வேண்டும்.

மணி அடித்தது. லோரி சொன்னபடி கிளம்பிச் சொன்னபடி பள்ளிக்கு வந்தது. ஆண்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரோடு வந்து சேர்ந்தார்கள். பெண்களில் ஒருவரும் வரவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஆயாக் கொட்டகைக்கு ஓடி வந்திருந்தார்கள். காலித் தூளிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகள் பத்திரமாகப் பள்ளியில் இருப்பதாகச் சொன்னேன். யாரும் எழவில்லை. வாசல்படியில் இருந்த பாக்கியத்துக்கு இரண்டு வயதில் ஒரு மகன். முன்கூட்டியே தோட்ட அலுவலகக் கிராணி திட்டத்தைப் படித்துக் காட்டினாரே என்று அவரிடம் கேட்டேன்.

"படிச்சாரு, கேட்டோம். மணி அடிச்சா காலு இங்கதான் வருது. புள்ளைய நீ பேப்பர்ல ஏத்திட்ட தங்கச்சி, என் கண்ணுல காட்டலையே."

குழந்தைகளைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அவர்கள் எழுந்தார்கள். தோட்டத்திலேயே மிகத் தாழ்வான இடம் அந்த வாசல். உண்மையான வெள்ளம் வந்திருந்தால் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

2. சுற்றுப்பாதை

பெண்களுக்கு இன்னொரு அறிவிப்பு எழுதுவதில் பயனில்லை என்று தெரிந்தது. லோரியின் பாதையை மாற்றினேன். அன்றன்று பெண்கள் எந்தக் காட்டில் வேலை செய்கிறார்கள் என்பதை டிரைவர் காலையிலேயே மண்டோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மணி அடித்தால் குழந்தைகளோடு அந்தக் காட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டும். லோரியில் தார்ப்பாய் போடக் கூடாது.

என்ஜினியர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "புள்ளைங்கள ஏத்திக்கிட்டுக் காட்டைச் சுத்துறியா? தண்ணி ஒனக்காக நிக்காதுலா."

"அம்மாங்க போய் நிக்கிற எடத்துக்குத்தான் சார் தண்ணி முதல்ல வரும்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். இன்னொரு ஒத்திகை வேண்டும் என்று சொல்லித்தான் கையெழுத்திட்டார். அது நடப்பதற்குள் மழை தொடங்கிவிட்டது.

3. தலைக்கு மேலே படகு

மூன்றாம் நாள் காலை மழை சற்று விட்டதும் வேலைக்கு ஆள் இறக்கினார்கள். நான் பண்டைப் பார்க்கப் போனேன். தோட்டத்துப் பக்கம் கரையின் அடியில் நின்று நிமிர்ந்தபோது, பாசிர் பெனம்பாங் மீனவர்களின் படகு ஒன்று கரைக்கு அப்பால், என் தலைக்கு மேலே மிதந்து போனது. கடல் அவ்வளவு உயரத்தில் இருந்தது. எத்தனையோ முறை அந்த உயரத்தை மீட்டரில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதைப் பார்த்தேன்.

மணி அடிக்கச் சொல்லிவிட்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடினேன். மறுபடியும் மழை. டிரைவர் முனியாண்டி அண்ணன் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் நனைந்தால் அம்மாக்காரிகள் தன் தோலை உரித்துவிடுவார்கள் என்று முணுமுணுத்தார்.

"நனையட்டும்ணே. தெரியணும்."

ஆயாவும் நானும் குழந்தைகளை நடுவில் வைத்துப் பின்னால் ஏறிக்கொண்டோம். லோரி செம்மண் பாதையில் மெதுவாக ஊர்ந்தது. காட்டுக்குள் திரும்பியபோது பெண்கள் கொட்டகையை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் லோரியைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக நின்றார்கள். நான் கூப்பிடவோ விளக்கவோ தேவையே இருக்கவில்லை. செம்பனை வரிசைகளுக்கு இடையிலிருந்து அந்தப் பெண்கள் இரண்டு பக்கமும் வந்து லோரியோடு சேர்ந்துகொண்டார்கள். அழுத குழந்தைகள்கூட அடங்கிவிட்டன.

பாக்கியம் கையை நீட்டித் தன் மகனின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். இறக்கித் தரச் சொல்லி அவர் கேட்கவில்லை. "சளி புடிக்கப் போவுது" என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு லோரியின் பின்பலகையைப் பிடித்தபடி பள்ளி வரைக்கும் நடந்தார்.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். மரங்களுக்கு நடுவே சத்தமே இல்லாமல் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மண்டோர் பெயர் கூப்பிட்டார். எல்லாப் பெயருக்கும் குரல் வந்தது.

மறுநாள் படகில் போனோம். ஆயாக் கொட்டகையில் தூளிக் கயிறுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. ஒத்திகையன்று பாக்கியம் உட்கார்ந்திருந்த வாசல்படி எங்கே என்று துடுப்பை விட்டுத் தேடினேன். துடுப்புக்கு அது எட்டவில்லை.

இப்போதும் எனக்கு வரிசை வேண்டும். ஆனால் ஒரு புதிய இடத்துக்குத் திட்டம் போடும்போது சாலைகளை வரைவதற்கு முன்னால், மணி அடித்தால் இங்கே யாருடைய கால் எங்கே போகும் என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். சாலையை அதற்குப் பிறகுதான் போடுகிறேன்.