ஒச்சம்மாள் போயிலை விட்ட பாடு

டி. கல்லுப்பட்டிப் பக்கம் காட்டு வேலை பார்த்தவள் ஒச்சம்மாள். எழுபத்தெட்டாம் வருஷம், தூக்கமே இல்லாமல் கிணற்றோடு பேசிக்கொண்டிருந்தவளை, புருஷன் சுருளி மதுரையில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மருந்து வேலை செய்தது. மூன்று வாரத்தில் கிணற்றை மறந்தாள். புகையிலையை மறக்க மட்டும் ஆஸ்பத்திரி விடவில்லை.

அங்கே பாதி வைத்தியம் ஆயா மாயக்காளின் மடியில் இருந்தது. போர்வை துவைத்தால் ஒரு கிள்ளுப் புகையிலை, வார்டு கழுவினால் இரண்டு. வாயை மூடிக்கொண்டு படுத்தால் அதற்கும் ஒன்று. சம்பளம் மாயக்காளுக்கு, வேலை நோயாளிகளுக்கு. நல்ல ஏற்பாடுதான்.

ஒச்சம்மாளின் கன்னத்துக்குள் வெள்ளையாய்த் தடித்து, கஞ்சி பட்டாலே எரிந்தது. இப்படி வாய் புண்ணாகித்தான் அவளைப் பெற்றவள் செத்தாள். பயந்துபோய் டாக்டரிடம் கேட்டாள்.

"ஐயா, இந்தப் போயிலய விட ஒரு மருந்து குடுங்க."

"முதல்ல தலை சரியாகட்டும். வாயை அப்புறம் பாப்போம்" என்று டாக்டர் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

தானே விட்டாள். நாலு நாள் தலை இடித்தது, கை நடுங்கியது, கண்டவர் மேலெல்லாம் எரிச்சல் வந்தது. கூலியே வேண்டாம் என்றவள் போர்வையைத் தொடுவாளா? தொடவில்லை.

"சீக்கு திரும்பிருச்சு சார். சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறா" என்று மாயக்காள் போய்ச் சொன்னாள். ஊசி கூடியது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்ததும் நின்றுபோனது.

ஒச்சம்மாளுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு புத்தி வந்தது. அடுத்த வாரம் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒரு கிள்ளுப் போயில குடுக்கச் சொல்லுங்கய்யா. வார்டு பூராம் கழுவிர்றேன்."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. நல்ல முன்னேற்றம் என்று எழுதி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாயக்காள் கொடுத்ததை முந்தானையில் முடிந்துவந்து, வாசல் தாண்டியதும் சாக்கடையில் உதறினாள்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில், கூட்டிப்போக வந்த சுருளி ஆசையாகப் புகையிலைப் பொட்டலத்தை நீட்டினான்.

"வேணாம். விட்டுட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. "என்ன புள்ள, இன்னும் சரியாகலையா?"

மறுபடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடுவானோ என்று பயந்தாள். வாங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். கன்னம் எரிந்தது. பொட்டலத்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசினாள்.

"திரும்பக் கொண்டுபோயி விடணும்னா இப்பவே பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுய்யா. டாக்டருக்கு ஒருக்கா நடிச்சாச்சு. ஒனக்கும் நடிக்க எனக்குத் தெம்பில்ல."

சுருளி கண்டக்டரைப் பார்த்தான். டிக்கெட் கிழித்தாயிற்று. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.