பெயர் இருந்தது, படிப்பு இல்லை

அன்று கடையில் இருந்தவர்கள்: நான், செல்வி, சங்கரலிங்கம் சார், ஆதார் ஜெராக்ஸுக்கு வந்த ஒரு அம்மா. அந்த அம்மா ஜெராக்ஸ் வாங்கிய பிறகும் போகவில்லை. ஆகவே நான்கு பேர்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவன். பயந்த சுபாவம். யாருக்காகப் பணம் கட்டினாலும் பட்டனை அழுத்துமுன் தொகையை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். கரன்ட் பில்லுக்கும் அப்படித்தான். திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. புதிதாகக் கடை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செல்வி இங்குள்ள சுரங்கக் கம்பெனியின் ஓர் ஆபீஸில் கான்ட்ராக்ட் டேட்டா என்ட்ரி. அடுத்த டெண்டருக்கு டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கிற சான்றாவது வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அதே கம்பெனியில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர்ட் ஆனவர். இப்போது வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் பி.காமுக்கு ஆள் சேர்த்துவிடுகிறார். முன்பதிவு என்று செல்வியிடம் ஐயாயிரம் வாங்கியிருந்தார். மீதி முப்பதாயிரத்தைக் கட்டத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"தம்பி, சட்டுனு கட்டுங்க. இன்னைக்கு சாயங்காலத்தோட அட்மிஷன் முடியுது."

"சார், அங்கீகாரம் எல்லாம் இருக்குங்களா?"

"என்ன தம்பி இப்படி கேக்கிய? ஏ கிரேடு. சர்டிபிகேட்ட பாருங்க."

செல்வி மெதுவாகச் சொன்னாள்: "நல்லா பாத்துருண்ணே. மைன்ஸுக்கு எடுத்த நெலத்துக்கு வந்த பணத்துல மிச்சம் இதான். இதுவும் போச்சுன்னா ஊட்ல பதில் சொல்ல முடியாது."

"ஒரு ஜெராக்ஸயே ரெண்டு வாட்டி திருப்பிப் பாக்கற ஆளு இவரு," என்றார் அந்த அம்மா. "நீ நாளைக்கித்தான் ஊட்டுக்குப் போவ."

பணம் கட்ட சார் அனுப்பிய லிங்க்கை நான் உடனே திறக்கவில்லை. ஆன்லைன் படிப்புகளுக்கு மத்திய அரசு போட்டிருக்கும் பட்டியலை நானே தேடி எடுத்தேன். முழுக்க ஆங்கிலம். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போனேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. சார் சிரித்தார். அந்த லிங்க்கில் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தேன்.

செல்வி தன் கழுத்தில் தொங்கிய பாஸைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, பேரு இருந்தா போதுமா? இதுவும் கம்பெனி பாஸுதான். இத காட்டிக்கினு மைன்ஸுக்குள்ள போவ முடியுமா? ஆபீஸ் கேட்டுல மட்டுந்தான் வுடுவாங்க. நம்ம படிப்பு போட்டுக்கீதா?"

மறுபடி பட்டியலுக்குப் போனேன். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேராக ஆன்லைனில் இரண்டே படிப்புகள். இரண்டும் எம்.ஏ. பி.காம் இல்லை.

"காலேஜ்ல பி.காம் நடக்கே!" என்றார் சார்.

"நேர்ல போய்ப் படிக்கிறவங்களுக்கு நடக்குது சார். ஆன்லைனுக்கு இதுல இல்லீங்களே."

சார் கொண்டுவந்த நோட்டீஸில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் சொந்த வெப்சைட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டோம். சாரே ஆங்கிலத்தில் பேசினார். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்காங்களாம். இன்னும் வரலையாம்."

"அப்ப யாரு சார் அட்மிஷன் போடறது?" என்று கேட்டாள் செல்வி.

"எனக்கு நோட்டீஸ் தந்த ஏஜென்சிதான். இவங்களுக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதாம்."

பணம் கட்டும் பக்கத்தை மூடினேன். செல்வி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். சார் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, போன வருஷத்துப் பட்டியலும் இதுல வருமா?"

"வரும் சார்."

"பாருங்க. என் மவள இதுலதான் சேத்தேன்."

பார்த்தேன். அதிலும் இல்லை. "இன்னும் கீழ போங்க," என்றார். கீழே வேறு மாநிலம் ஆரம்பித்துவிட்டது.

அந்த அம்மா ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

பெயரைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். எந்தப் படிப்பு, நேரிலா ஆன்லைனா, எந்த வருஷத்துக்கு அனுமதி என்று அதே வரியில் கடைசிவரை படியுங்கள். வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் எரிந்து விழாதீர்கள். செல்வி இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் பி.காம் படிக்கிறாள். பட்டியலில் அந்த வரியை அவளே விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பட்டனை அழுத்தினேன்.

சார் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஏஜென்சிக்கு எழுதினார். பதில் இல்லை. பென்ஷன் வந்ததும் செல்விக்குத் தன் கையிலிருந்து இரண்டாயிரம் கொடுத்தார். தர வேண்டியது இன்னும் மூவாயிரம்.