தெருக்குத்து வீடு

மஞ்சக்குப்பத்து வீட்டைப் பற்றி என் முகத்துக்கு நேரே மூன்று பேர் பேசிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று தெரியாது. எழுபத்திரண்டு வயதில் யாராவது வீடு வாங்குவார்களா, வாங்கினாலும் இப்படியொரு வீட்டையா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். ஆமாம், இப்படியொரு வீட்டைத்தான். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியது முப்பது வருடங்களுக்கு முன்னால் வாங்காமல் விட்ட இன்னொரு வீட்டைப் பற்றி. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும்.

நான் சிதம்பரத்தில் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் மனைவி அங்கேயே ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக இருந்தாள். இரண்டு பேர் சம்பாதித்தும் கடைசிவரை வாடகை வீடுதான். ஐந்து வீடு மாறினோம். ஐந்தாவது, மாடி. இருபத்திரண்டு படிகள். அவளுக்கு முட்டி தேய்ந்துபோய், போன வருடத்திலிருந்து சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும்தான் கீழே இறங்குவாள். பிறகு அதுவும் நின்றது. பூசையை செல்போனில் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு, கிளம்பு, ஆட்டோ சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"நா எறங்கலங்க," என்றாள். "அடுத்த தடவ எறங்குனா நாலு பேரு தூக்கிக்கினுதான் எறங்கணும். அதுக்கு ஆட்டோ வேணாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கடலூரில் இருக்கும் அவள் தம்பிக்குப் போன் செய்தேன். கீழ்த்தளம், சிறியதாக, சர்ச்சுக்கு நடந்து போகிற தூரத்தில், எங்கள் கையிருப்புக்குள் அடங்குகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்றேன். கடலூரில் மச்சானுக்குத் தெரியாத சந்து கிடையாது. பத்து நாளில் ஏழு வீடு சொன்னான். எல்லாம் பைபாஸ் பக்கம், இல்லையென்றால் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. கடைசியில் கிண்டலாக ஒன்றைச் சொன்னான்.

"மஞ்சக்குப்பத்துல ஒண்ணு கெடக்குது மாமா. பழசு. சர்ச்சுக்கு அஞ்சு நிமிசம். வெலயும் ஜாஸ்தி இல்ல. ஆனா தெருக்குத்து. நாலு வருசமா ஒருத்தனும் தொடல. அத உடுங்க."

தெருக்குத்து என்றால், நேராக வரும் ஒரு தெரு ஒரு வீட்டு வாசலில் வந்து முட்டி நிற்பது. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள். வாசலில் ஒரு பிள்ளையாரை வைத்து அந்தக் குத்தை அவரைத் தாங்கச் சொல்வார்கள். அப்படியும் வாங்க ஆள் வராது. விலை இறங்கும்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் "நாளைக்கே பாக்கணும்" என்றேன்.

ஏனென்றால், முப்பது வருடங்களுக்கு முன்னால் சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் நாங்கள் பார்த்த வீடும் தெருக்குத்துதான். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை. எங்களுக்கு எட்டும் விலை. விலை எட்டியதற்குக் காரணமே அந்தத் தெருதான். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "நாம வேதக்காரங்க, நம்மள எந்தத் தெரு வந்து குத்தப் போவுது? காத்துதான் வரும்," என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படியைச் சாண் சாணாக அளந்தாள்.

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை என்றேன். ஆனால் நாளைக்கு விற்கப் போனால், வாங்க வருகிறவனுக்கு நம்பிக்கை இருக்குமே என்றேன். ஞானஸ்நானம் பெற்ற, இயற்பியல் படித்த ஒருவன், எங்கோ இருக்கப்போகிற யாரோ ஒருவனின் பயத்தைத் தன் பயமாக எடுத்து வைத்துக்கொண்டான். எங்கள் ஆட்களில் இதை நான் மட்டும் செய்யவில்லை. சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர்கள்கூட மனை வாங்கும்போது கிழக்கு வாசலா என்று விசாரிப்பார்கள். ஏன் என்று கேட்டால் 'ரீசேல்' என்பார்கள். படித்தவன் ஒளிந்துகொள்ள வசதியான சொல் அது.

நான் ஒளித்தது வேறு. அந்தச் சந்தில் மூன்றாவது வீட்டில் எங்கள் துறையின் அட்டெண்டர் குடியிருந்தார். ஆய்வகத்தில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவர். காலையில் அவரும் நானும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன் நான். சர்ச்சின் பங்குப் பள்ளிக்கூடமும் ஒரு ஃபாதரின் சிபாரிசும் என்னை மேலே ஏற்றிவிட்டிருந்தன. ஏறியவன் இறங்கிவிட்டான் என்று யாரும் பேசிவிடக் கூடாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் புது நகர்களில் மனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதுதான் காரணம். தெரு இல்லை.

அவள் விடவில்லை. தினமும் கேட்டாள். ஒரு சாயங்காலம், வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, ரயிலடியில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வேறு ஒருவர் முந்திக்கொண்டார், முன்பணமும் கொடுத்துவிட்டாராம் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "நமக்குக் குடுத்து வக்கல" என்றாள். அதன் பிறகு அந்தப் பக்கம் போகிற வழியையே மாற்றிக்கொண்டாள். அந்த வீடு இன்னும் எட்டு மாதம் பூட்டித்தான் கிடந்தது. ஒரு தடவை அந்த வழியாக நடந்திருந்தால் என் பொய் தெரிந்திருக்கும். அவள் நடக்கவில்லை. அதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்ததிலேயே கேவலம் அந்த நிம்மதிதான்.

மஞ்சக்குப்பத்துக்குப் போன அன்று, என் மனைவி படி இறங்க இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். மச்சான் அங்கே காத்திருந்தான். வீட்டுக்காரம்மா பண்ருட்டியில் மகளோடு இருப்பவர், சாவி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வீடு சின்னதுதான். இரண்டு அறை, கூடம் என்று சொல்ல வாய் கூசும் ஒரு நடை. மேலே மரச்சட்டமும் செங்கல்லும் போட்ட பழைய மெத்தைக் கூரை, ஒரு மூலையில் ஒழுகிய கறை. சிவப்பு சிமெண்டுத் தரை நடுவில் வெடித்திருந்தது. கக்கூஸ் கொல்லையில்.

கடலூரில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வியை என் மனைவி கேட்டாள். "பெரிய வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க?"

"முட்டி வரைக்குந்தாம்மா. ரெண்டே நாளு. வடிஞ்சிடுச்சு."

"உங்க முட்டியா, என் முட்டியா?"

வீட்டுக்காரம்மா நல்ல உயரம். சுவர் முழுக்கப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. என் மனைவி, மூலையில் நின்ற பழைய பீரோவை நகர்த்தச் சொல்லித் தம்பியிடம் கை காட்டினாள். பீரோவுக்குப் பின்னால் வெள்ளையடிக்காத சுவரில் ஒரு பழுப்புக் கோடு. அவள் இடுப்புக்கு இரண்டு விரல் கீழே.

"டீச்சருகிட்ட பொய் சொல்ல முடியாது போலருக்கே," என்று வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார்.

"வயித்துவலின்னு பொய் சொல்ற புள்ளைங்களப் பாத்தே வயசு போயிடுச்சுங்க. மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுரும்."

நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசல் சுவரில் ஒரு மாடம், அதில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பிள்ளையார். வீட்டுக்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்க வேதக்காரங்க. இவர எடுத்துடுவீங்களா? வெள்ளிக்கெழமன்னா தெருவுல நாலு பேரு பூ வப்பாங்க."

"அவரு வாசல்லதான இருக்காரு. இருந்துட்டுப் போவட்டும். வாடகையா கேக்கப் போறோம்?" என்றாள் என் மனைவி.

மச்சானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு. மாமா, நீங்களே சொல்லுங்க. தண்ணி வர்ற வீடு. தெருக்குத்து. வாசல்ல புள்ளையாரு. வீட்ட மந்திரிக்க வர்ற ஃபாதரு என்னா சொல்லுவாரு? நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?"

"விக்கிறதுக்கு நான் வாங்கல மச்சான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. ரீசேல் வேல்யூன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"எனக்கு எழுவத்திரெண்டு. எனக்கே ரீசேல் கெடையாது. வீட்டுக்கு எதுக்கு?"

வீட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி என்னையே பார்த்தாள். "அன்னிக்கு நீங்க சொன்னதத்தான இவன் சொல்றான். ரயிலடி வீட்ட இதச் சொல்லித்தான வேணாம்னீங்க? நல்லவேள, வேற ஆளு வாங்கிட்டாரு. இல்லன்னா நம்ம சண்ட இன்னிக்கும் முடிஞ்சிருக்காது."

தலையாட்டியிருந்தால் போதும். அது அப்படியே போயிருக்கும். வீடும் கிடைத்திருக்கும். நான் மச்சானையும் வீட்டுக்காரம்மாவையும் கொல்லைக் கிணற்றைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"வேற ஆளு யாரும் வாங்கல," என்றேன். "நா அன்னிக்குப் போவவே இல்ல. டீ குடிச்சிட்டு வந்துட்டேன்."

அட்டெண்டரைப் பற்றியும் சொன்னேன். குழாயடியைப் பற்றியும் சொன்னேன். முப்பது வருடம் உள்ளே வைத்திருந்தது, சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எத்தினி மாசம் சும்மா கெடந்துச்சு?"

"எட்டு."

சிதம்பரம் வரும்வரை காரில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மாடிப்படிக்கு முன்னால் வந்ததும் முதல் படியில் உட்கார்ந்தாள்.

"அந்த வீட்ட வாங்கலாம். பத்திரம் எம்பேருல. எம்பேருல மட்டும்."

"சரி."

"கக்கூஸ உள்ள கட்டணும்."

"சரி."

"நீங்க அங்க வர்றதா வேணாமான்னு நா யோசிச்சுச் சொல்றேன்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு படியையும் என் கையைப் பிடிக்காமல் ஏறினாள்.

மாமன் சொல்லி விஷயம் தெரிந்து, சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். "அப்பா, இங்க லிஃப்ட் இருக்கு. அம்மாவுக்குன்னு ஒரு ரூமே இருக்கு. எதுக்கு இந்த வயசுல தண்ணி வர்ற வீடு?"

"அங்க அவளுக்கு ரூம் இருக்கும். இங்க அவளுக்கு வீடு இருக்கும்."

"சரி, அம்மா பேருல மட்டும் ஏன்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்லித்தான்டா எல்லாம் போச்சு. அவ வீடு, அவ பேரு."

பத்திரம் எழுதியவர், சார் பெயரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று நானே சொன்னேன். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொரு சாட்சியாகப் போட்டான். மந்திரிக்க வந்த ஃபாதர் பிள்ளையாரைப் பார்த்தார். அவர் ஏதாவது சொன்னால் சொல்வதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "தண்ணி வர்ற வீடுன்னாங்க, அதனால தீர்த்தத்த கொஞ்சமா தெளிக்கிறேன்," என்றார். சர்ச்சுப் பங்கில் சிலருக்கு இன்னும் அந்த மாடம் உறுத்துகிறது. உறுத்தட்டும்.

குடி போவதற்கு இரண்டு நாள் முன்புவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சாமான் கட்டும்போது அவள் என் புத்தகப் பெட்டிகளைக் காலால் தட்டி, "இதயெல்லாம் அந்தத் தண்ணிக் கோட்டுக்கு மேலதான் வக்கணும், பரண் போடச் சொல்லுங்க," என்றாள். அதைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்பவர்களுக்கு: நானும் கேட்டேன். "வீடு வந்துருச்சு. அது வேற. முப்பது வருசம் வரல. அது வேற," என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுப்பதற்கு என்னிடம் எதுவும் கிடையாது. ஆனால் வீட்டைப் பற்றி வேறு யார் வாய் திறந்தாலும் நான் மறுத்துப் பேசுவேன். மெத்தை ஒழுகும், மழைக்காலத்தில் பயம்தான், தெரிந்துதான் வாங்கினோம்.

காலைப் பூசைக்கு அவள் தனியாகப் போகிறாள். கூட வரட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள். நான் வாசலில் நிற்கிறேன். தெரு நேராக இருப்பதால் சர்ச்சுப் பக்கம் திரும்பும் முனை வரைக்கும் அவள் தெரிகிறாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மெதுவாக, படி என்று எதுவும் குறுக்கே வராமல். இதை ஆகாத தெரு என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வந்து என்னோடு நின்று பார்க்கட்டும்.