காட்டில் எடுத்த கொழுந்து

இப்போது கைபேசியை ஓர் இலையின் மேல் பிடித்தால் அதுவே செடியின் பெயரைச் சொல்லிவிடுகிறதாம். நாங்கள் அதற்குக் காட்டுக்கே போனோம்.

பெரகல ஊருக்கு மேலே, மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். தேயிலை முடிகிற இடத்தில் காடு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாத்தியார் அங்கே கூட்டிப் போவதற்கு முதல் நாள், அப்பா அவரை வழிமறித்தார்.

"புள்ளைக்குப் படிப்பு ஏறுமாங்க சேர்? ஏறும்னா பண்டாரவளைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். இல்லாட்டி தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சு கொழுந்தெடுக்க விட்டுர்றேன்."

"நாளைக்குக் காட்டுல பாத்துட்டுச் சொல்றேங்க."

பக்கத்தில் நின்ற நான் அன்று ராத்திரியே பையைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.

காலையில் அட்டை ஏறாதிருக்கக் காலில் துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஓடினேன். ஆளுக்குச் சில செடிகள் கொண்டுவர வேண்டும். வாத்தியார் அவற்றைப் பழைய பேப்பரில் வைத்து அழுத்திக் காயவைத்துப் பாடம் செய்வார். மரத்துப் பாசியைத் தொட்டுக்காட்டி, "இது மூடுபனியப் பிடிச்சு வைக்கிற தண்ணிதான் நம்ம பீலிக் குழாயில விழுது" என்றார். மற்றவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. ஜெயிக்க வேண்டும். இரண்டு கையாலும் எடுத்தேன். எந்தச் செடியானாலும் நுனியில் இரண்டு இலை, ஒரு மொட்டு. அம்மா எடுப்பதைப் பார்த்துப் பழகிய கை. பை நிறைந்துவிட்டது.

பாறை மேல் பேப்பரை விரித்தார். என் கூட்டாளி நாலே செடி வைத்திருந்தாள். அதில் புழு தின்ற கிழட்டு இலையும் உதிர்ந்த காயும். அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு என் பையைக் கவிழ்த்தார். எல்லாம் ஒன்றுபோல் இளம் துளிர்.

"பூ எங்க, காய் எங்க? முத்தின எலை ஒண்ணாவது வேணாமா? இதுல எது எந்தச் செடி, நீயே சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. "முத்தின எலை போட்டா நிறுக்கையில கழிச்சிருவாங்க சேர்" என்றேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இறங்கி வரும்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்பாவும் கங்காணியும் நின்றார்கள். கங்காணி என் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"ஒரு முத்தல் இல்லியே! இவ ஆத்தாளையே மிஞ்சிருவா போலருக்கே!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "சேர் என்ன சொல்றீங்க?"

"இன்னும் ஒரு வருஷம் எங்கிட்ட விடுங்க. அவசரம்தான் இவளுக்கு. நிதானம் வந்தா நல்லா வருவா."

"நிதானமா கொழுந்தெடுத்தா வெளங்கிரும்!" என்றார் கங்காணி.

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அதுவரை யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. அடுத்த மாதம் பேர் பதிந்தார்கள். அப்புறம் என் கொழுந்தைக் குறை சொன்ன ஆள் அந்தத் தோட்டத்தில் கிடையாது.

அன்றைக்கு வாத்தியார் மறுபடியும் ஏதோ சொல்லப் பார்த்தார், அப்பா கேட்கவில்லை. கங்காணி என்னை மெச்சியது வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை என்று அப்போது நினைத்து, அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நான் எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிவிட்டேன்.