டேவிட் பெயர் இல்லாத அறிக்கை

ஒரு லோரி டிரைவர்மேல் எனக்குப் பொறாமை. இரண்டு மாதமாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது. போன ஞாயிறு நன்றாக முற்றிவிட்டது.

அவர் பெயர் டேவிட். முன்பு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சபையில்தான் இருந்தார். வெளி ஊழியத்தைக் கவனிக்கும் மிஷன் கமிட்டிக்கு யாரோ அவர் பெயரைச் சொன்னபோது, "கூட்டத்துல நாலு வார்த்தை பேச வராதே அவருக்கு" என்று தடுத்தது நான்தான். கமிட்டிக்குச் செயலாளர் நானல்லவா... பிறகு அவர் கிள்ளானில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் நடக்கும் சின்னச் சபைக்குப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன், செலாயாங் மொத்தச் சந்தையில் முட்டைக்கோஸ் கூடைகள் சரிந்து ஒரு தொழிலாளியின் இடுப்பெலும்பு முறிந்தது. முருகேசன், புதுக்கோட்டைக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். ஒரு வாரம் கழித்துக் கேள்விப்பட்டு, கமிட்டியில் நான்கு பேர் பழக்கூடையோடு மருத்துவமனைக்குக் கிளம்பினோம். மிஷன் ஞாயிறு அறிக்கைக்குப் படம் வேண்டுமே.

வார்டுக்குள் நுழைந்தால், கட்டிலோரம் டேவிட். முருகேசனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்ன டேவிட், இங்க?"

"டெய்லி ஆறு மணிக்கு இவரு வைஃப் வீடியோ கால் பண்ணுவாங்கண்ணே. தாடியோட பாத்தா பயந்துருவாங்க லா. அதான்."

சவரம் முடிந்து அவர் ரேஸரைக் கழுவப் போனதும், மீதிக் கதையை முருகேசன் சொன்னார். அன்று சந்தையில் டேவிட்டும் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாராம். கூடைகளை விலக்கி இவரை வெளியே எடுத்தது அவர்தானாம். ஆம்புலன்சில் கூட ஏறி வந்தவர், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லையாம்.

எனக்குச் சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? வரவில்லை. குனிந்து, தணிந்த குரலில் கேட்டேன்: "மதம் மாறச் சொல்லி ஏதும் பேசினாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை — மிஷன் கமிட்டிச் செயலாளருக்கு.

"இல்லையே சார். என் போன்ல முருகன் படம்தான் இருக்கு. அவருதான் சார்ஜ் போட்டுக் கொண்டாந்து கொடுப்பாரு. எனக்காக ஜெபம் பண்ணுங்கண்ணேன்னு நான்தான் ஒரு நா கேட்டேன். கண்ண மூடி ரெண்டு வரி சொன்னாரு. அவ்வளவுதான்."

பேச வராதவர். ரெண்டே வரி.

போட்டோ எடுத்தோம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க டேவிட்" என்று நானே சொன்னேன். தள்ளி நின்றார். படத்தில் அவர் இல்லை.

போன ஞாயிறுதான் மிஷன் ஞாயிறு. பெரிய திரையில் அந்தப் படம். நான் அறிக்கை வாசித்தேன்: "செலாயாங்கில் காயமுற்ற சகோதரருக்கு நமது சபை ஆறுதலாக நின்றது."

பொய் இல்லை. நின்றோம் — பத்து நிமிடம்.

கைதட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில், இரண்டு ஊன்றுகோல்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முருகேசனும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஓடாத குறையாக அவரிடம் போனேன்.

"நல்லா வாசிச்சீங்க சார். டேவிட்டண்ணன் எங்க? அவரு பேரு வரலையே."

புதன்கிழமை ஊருக்குத் திரும்புகிறாராம். டேவிட்டிடம் முன்கூட்டிச் சொல்லாமல் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று கிராப் டாக்சி பிடித்து வந்திருக்கிறார். கையில், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் டேவிட்டுக்காக வாங்கிய வேட்டி.

"அவரு இந்தச் சபை இல்ல தம்பி."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில எல்லாரும் ஒண்ணாத்தானே சார் இருந்தீங்க?"

 அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினேன். ஷா ஆலம் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"அவரு பேரை நான்தான் விட்டேன் தம்பி. வேணும்னேதான் விட்டேன்."

முருகேசன் மடியிலிருந்த வேட்டியை நீவிவிட்டார். "அண்ணன் இதுக்கெல்லாம் வருத்தப்பட மாட்டாரு சார்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு இன்னும் எரிந்தது. டேவிட் வருத்தப்படுகிற ஆளாக இருந்தால், நானும் அவரும் ஒரே உயரத்துக்கு வந்திருப்போமே...

கிள்ளானில் ஆராதனை பாதியில் இருந்தது. படிக்கட்டோ செங்குத்து. முருகேசன் ஊன்றுகோலை முதல் படியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் மட்டும் ஏறிப் போய், கதவோரம் நின்று, கீழே கைகாட்டி டேவிட்டுக்குச் சைகை செய்தேன். பாட்டு நின்றது. அங்கே போதகர் ஒரு பெண். மற்ற நாட்களில் கிளினிக்கில் நர்ஸ்.

"என்னண்ணே, யாரு கீழ?" என்றார்.

"முருகேசன் வந்திருக்காரு. டேவிட்டப் பாக்கணுமாம். அவரால படி ஏற முடியல."

"அப்ப நாம கீழ போவோம் லா."

அவ்வளவுதான். கமிட்டி கூடவில்லை, தீர்மானம் போடவில்லை. இருபது பேர் இருக்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டயர் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அதன் வராந்தாவில் முருகேசனை நடுவில் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்கள். டேவிட் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். முருகேசனும்தான். எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டவரும்... டேவிட்தான்.

"பேசி முடிச்சிட்டு இவரை நானே செலாயாங்ல விட்டுர்றேன். நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். அறிக்கையைப் பற்றி அவரிடமும் சொன்னேன். "பரவால்லண்ணே" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

சபையின் மிஷன் என்ன என்று நான் எத்தனை கருத்தரங்கு நடத்தியிருப்பேன்... எல்லாவற்றிலும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்றுதான் பேசினோம். டெங்கில் என்கிற ஊர் வரை போகலாமா, அதைத் தாண்டியும் போகலாமா என்று வரைபடம்கூட ஒட்டினோம். ஒரு மாடிப்படி தூரம் எங்கள் கணக்கிலேயே வரவில்லை.

இந்த ஞாயிறு திருத்திய அறிக்கையை வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். டேவிட் பெயர் முதல் வரியிலேயே இருக்கும். பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? இல்லை. முன்பு அவர்மேல் மட்டும் இருந்தது; இப்போது அந்த இருபது பேர்மேலும்.

எங்கள் ஆலயத்தில் லிஃப்ட் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, யாருக்காகவும் நாங்கள் கீழே இறங்கியதில்லை.