ரசீது போடாத போட்டோ

எங்கள் தெருவில் எந்த அப்பாவும் தான் பார்த்த வேலைக்குத் தன் பிள்ளையை விட்டதில்லை. எதிர் வீட்டு லாரி டிரைவர், மகன் ஸ்டியரிங்கைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்பார். இரண்டு வீடு தள்ளியிருந்த போலீஸ்காரருக்கு மகன் காக்கியில் நிற்பதைப் பார்க்கவே பிடிக்காது. பள்ளிக்கூடச் சீருடையே காக்கி நிக்கர்தான் என்பதால் ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த வீட்டில் முணுமுணுப்பு கேட்கும். நிலம் வைத்திருந்தவர்கள் பிள்ளைகளை வரப்பில் இறங்கவிடவில்லை. எல்லோருக்கும் வேண்டியது கம்பெனி வேலை. அப்போது பெங்களூர் ரோட்டில் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இன்று கார் செய்யும் இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

என் அப்பா போட்டோகிராபர். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரும் விதிவிலக்கு இல்லை.

தொண்ணூற்றொன்று என்றால் எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது அது இல்லை. இது அந்த வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது. பேப்பரில் நாலு வரிகூட வரவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு, காலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவேன், மற்ற நேரம் ஸ்டுடியோவில் இருப்பேன். பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, வெட்டிக் கவரில் போடுவது எல்லாம் என் பொறுப்பு. இருட்டறையில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கேமராவை மட்டும் தொடக்கூடாது. எனக்கு வேண்டியதோ கேமராதான். ஒரு தடவை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பிடிபட்டேன்.

"இன்னாத்துக்கு உனுக்கு இது? கல்யாணத்துக்குக் கூப்புட்ற அதே ஆளுங்கதான் பொணத்துக்கும் கூப்புடுவாங்க. வர மாட்டேன்னு சொல்ல முடியாது. இன்னொரு வாட்டி தொட்டேன்னா இருட்டறைக்கும் பூட்டு போட்ருவேன்" என்றார் அப்பா.

அவர் சொன்னது பொய் இல்லை. ஹைவேயில் யாராவது அடிபட்டுச் செத்தால் போலீஸ் அவரைத்தான் கூப்பிடும். செத்தவர் யார் என்று தெரியாவிட்டால் வேலை கூடுதல். முகத்தைத் துடைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையைச் சீவி, நேராகப் பார்க்கிற மாதிரி எடுக்க வேண்டும். அப்போதுதான் சொந்தக்காரர்களுக்கு அடையாளம் தெரியும். அதற்காகவே கேமரா பையில் ஒரு சீப்பு வைத்திருந்தார். கடைக் கண்ணாடியடியில் பவுடர் டப்பாவோடு இருந்த சீப்பு வேறு, இது வேறு. பைச் சீப்பை நான் தொட்டதே இல்லை. அவர் செத்தவர்கள் எல்லோருக்கும் தனக்கு எடுப்பது போலவே வலது பக்கம் வகிடு எடுத்துவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, கைப்பழக்கம்.

பாஸ்போர்ட் சைஸ் படமும் போலீஸ் படமும் ஒரே கருப்பு வெள்ளை ரோலில்தான் எடுப்போம். முப்பத்தாறு படம் முடியாமல் ரோலைக் கழுவுவதில்லை. எங்கள் கடை வழக்கம் அது. அவசரம் என்றால் அப்பா இருட்டில் ரோலைப் பாதியில் வெட்டித் தருவார். அதற்கு அவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை அப்பா குன்றத்தூர் மலைக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குக் கலர் கேமராவோடு போயிருந்தார். கருப்பு வெள்ளைக் கேமரா ஸ்டாண்டில் இருந்தது. பகல் பதினோரு மணிக்கு ஒருவன் வந்தான். என் வயதுதான் இருக்கும். கட்டம் போட்ட சட்டை, எண்ணெய் வைத்து இடது பக்கம் வகிடு. தெற்கத்திப் பேச்சு. ஊர்க்காரர்கள் சிலரோடு குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னான். காலையில் இந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருகிறானாம், கம்பெனி பேரையும் சொன்னான். சனிக்கிழமை இன்டர்வியூ, மூன்று படம் வேண்டும். அப்பா இல்லை, சாயந்திரம் வாங்க என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் எனக்கு உத்தரவு. நான் விளக்கைப் போட்டேன்.

நான் எடுக்கும் முதல் படம் என்பதால் போகஸைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். கண்ணை மூடாதீங்க என்று இரண்டு தடவை சொன்னேன். ரோலில் அது இருபத்திரண்டாவது படம்.

அப்புறம் ரசீது. பேர், ஊர், எத்தனை காப்பி என்று எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தை அப்பா தினம் பார்ப்பார். என் கையெழுத்தைப் பார்த்தால் இருட்டறைக்குப் பூட்டு விழும். அவனிடம், ரசீதெல்லாம் வேண்டாம், ஆளை எனக்கு ஞாபகம் இருக்கும், புதன்கிழமை வாங்க என்றேன். பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

புதன்கிழமை வந்தான். ரோல் இருபத்தாறில் நின்றது. அப்பா உள்ளே இருந்தார். நான் அவசரமாக வாசலுக்கு ஓடி, இன்னும் ஆகவில்லை, வெள்ளிக்கிழமை காலையில் வாங்க என்று மெதுவாகச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை கண்டிப்பா கெடச்சிரும்லா? சனிக்கிழமை காலையில போவணும்" என்றான்.

கிடைத்துவிடும் என்றேன். இரண்டு நாளில் பத்துப் பேர் வராமலா போவார்கள் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது, இரண்டு பேர்தான் வந்தார்கள். ரோலை வெட்டிக் கொடுப்பா என்று கேட்டிருந்தால் எதற்கு என்று கேட்பார். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவனைக் காணோம். சரி, மழை, லேட்டாக வருவான் என்று உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். ஹைவேயில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தவனை லாரி அடித்துவிட்டது, பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, ஆள் யாரென்று தெரியவில்லை என்றார். அப்பா கேமராவை எடுத்துக்கொண்டு போனார். மதியம் திரும்பி வந்து குளித்தார். ரோலை என்னிடம் கொடுத்து, மிச்சப் படமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது, போலீசுக்கு முகப் படம் மூன்று காப்பி போடு என்றார்.

கழுவினேன், காயவைத்தேன், பிரிண்ட் போட உட்கார்ந்தேன். முதலில் பாஸ்போர்ட் படங்கள். அவன் படம் நன்றாக வந்திருந்தது. கண் திறந்திருந்தது, தலை நேராக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்து போலீஸ் படம். சிவப்பு விளக்கில், டெவலப்பர் தட்டில் தாளை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் தெரிந்தது சட்டையின் கட்டம். அப்புறம் வகிடு, வலது பக்கம். அப்புறம் முகம். தாளை எடுத்து, படம் நிலைக்க ஹைப்போவில் போட்டேன். இன்னும் இரண்டு காப்பி போட்டேன்.

அழுகை வரவில்லை. பயமும் இல்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. நெகட்டிவில் இருபத்திரண்டாவது படத்தை மட்டும் கத்தரித்து, மூன்று பாஸ்போர்ட் படங்களோடு என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினேன். எல்லாம் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அம்மா டீ கொடுத்தாள், குடித்தேன்.

சனிக்கிழமை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு அவனுக்கு இன்டர்வியூ. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன். யாராவது தேடிக்கொண்டு வருவார்கள், நான் சொல்லவேண்டியிராது என்றே இரண்டு நாளும் இருந்தேன். இன்று நினைத்துப் பார்த்தால் அந்த இரண்டு நாளில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவனை யோசிக்கவே இல்லை. பூட்டைத்தான் யோசித்தேன்.

திங்கட்கிழமை கான்ஸ்டபிள் காப்பி வாங்க வந்தார்.

"நேத்தே பொதைச்சிட்டாங்க சார். மழை வேற, எத்தினி நாளு வெச்சிகினு இருக்கறது? படத்தை பைல்ல வெச்சா போதும்" என்றார்.

நான் எழுந்து போய் ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து மேசையில் திறந்து வைத்தேன். "நம்ம கடைக்கு வந்த ஆளுப்பா. நான்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை இதை வாங்கத்தான் வந்துகினு இருந்தான்" என்றேன்.

அப்பா இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கான்ஸ்டபிளும் குனிந்து பார்த்தார். பிறகு, அவருக்குத் தோன்ற வேண்டியது தோன்றியது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு ரசீது கொடுத்திருப்பீர்களே, அது பாக்கெட்டில் இருந்திருந்தால் அன்றைக்கே ஆள் தெரிந்திருக்குமே என்றார். ரசீதுப் புத்தகம் மேசைமேல், பேனா சொருகியபடி இருந்தது.

அப்பா அதன்மேல் கையை வைத்தார். "எங்க கடையில பாஸ்போர்ட்டுக்கு ரசீது குட்ற வழக்கம் இல்ல சார்" என்றார்.

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்பெனி எது என்று எனக்குத் தெரியும். அங்கே விசாரித்ததில் சனிக்கிழமை வராதவர்களின் விண்ணப்பங்களிலிருந்து விலாசம் கிடைத்தது. ரூமில் இருந்தவர்கள், இன்டர்வியூ முடித்து ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஷிப்ட், யார் யாரைப் பார்க்கிறது. தந்தி போய், அவன் அப்பாவும் அம்மாவும் வியாழக்கிழமை வந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் காட்டிய படத்தை அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு வகிடு இந்தப் பக்கம் இல்லை, இது என் பிள்ளை கிடையாது என்று பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். அதனால் கான்ஸ்டபிள் இருவரையும் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா என் படத்தை எடுத்து வைத்தார். அந்த அம்மா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போலீஸ் படத்தைக் கேட்டு வாங்கி, இரண்டிலும் சட்டையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் போலீஸ் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அவன் அப்பாதான், மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும், வளர்ந்தபிறகு எடுத்த படம் எங்களிடம் இல்லை என்றார்.

பிரிண்டை நானே போட்டேன். பெரிதாக்கியபோதும் கண் தெளிவாக இருந்தது. அதை வாங்கிக்கொள்ளும்போது அந்த அம்மா யார் எடுத்தது என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார்.

"முழிச்சிக்கிட்டு இருக்கான்லா. நல்லா எடுத்திருக்க தாயி" என்று என் கன்னத்தைத் தொட்டார்.

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். இல்லை, ஓடியிருக்க வேண்டும். நான் படத்துக்கு ஒரு கவர் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அப்பா கேமராவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "நல்லாத்தான் எடுக்குற. இனிமே பாஸ்போர்ட்டெல்லாம் நீயே பாரு" என்றார். வேண்டாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன், தெருவே ஆசைப்பட்ட வேலை. இருபத்தேழு வருஷம் அதிலேயே ஓடிவிட்டது. சொந்தக்காரர்கள், பொண்ணு கேமரா கேமரா என்று அலைந்தாளே என்று கேட்கும்போதெல்லாம், நான்தான் வேண்டாமென்று தடுத்துவிட்டேன் என்று அப்பா சொல்லுவார். பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று என்னைப் பாராட்டுவார்கள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

அவர் போனபிறகு கடையைக் காலி செய்தபோது இழுப்பறையில் அந்த ரசீதுப் புத்தகம் கிடந்தது. பேனா சொருகிய பக்கத்தில் தாளில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கான்ஸ்டபிள் வந்து கேட்ட அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையோடு ரசீதுகள் முடிந்திருந்தன. அதற்குப் பிறகு அவர் இருபது வருஷம் கடை நடத்தினார். யாருக்கும் ஒரு ரசீதுகூடப் போடவில்லை.