சவுக்குக் கன்றின் வேரில் முடிச்சு

வேளாண் டிப்ளமோ முடித்துவிட்டு, திருவிடந்தை பக்கம் ஒரு சவுக்கு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே பஞ்சாயத்து. கன்று எடுக்கக் கருங்குழியிலிருந்து வந்த விவசாயி ஏகாம்பரம் டிரேக்களைப் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, கன்னுக்கெல்லாம் மஞ்சக்காமாலயா?" என்றார். நர்சரி நடத்தும் மல்லிகா அக்காவின் முகம் செத்துவிட்டது. குத்தகை நிலம், அந்தப் பருவத்துக்குப் போட்டிருந்ததே அந்த ஒரு பேட்ச்தான்.

"மழைக்கு முன்ன வர்றேன். இதே கலர்ல இருந்துச்சுனா வேற எடம் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா யூரியா மூட்டையைப் பிரித்தார். "இது ஊத்துனா பச்சப்பசேல்னு ஆவுது. நிறுத்துனா வெளுத்துப்பூடுது."

அந்தப் பேச்சுதான் எனக்கு உறைத்தது. ஒரு கன்றைப் பிடுங்கி வேரை அலசினேன். ஒரு முடிச்சுகூட இல்லை. சவுக்கு வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சுப் போட்டுக் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாகப் பிடித்துக் கொடுக்கும். அக்கா முன்பெல்லாம் சவுக்குத்தோப்பு மண்ணில் கன்று போட்டவர். அதில் அது தானாகவே இருந்தது. இந்தத் தடவை வெறும் தென்னை நார்க்கழிவுக்கு மாறியிருந்தார். போதாததற்கு யூரியா. அது தாராளமாகக் கிடைத்தால் வேர் முடிச்சே போடாது.

"யூரியாவ நிறுத்திடலாம்க்கா. பழைய மரத்து வேர்முடிச்ச அரச்சுத் தண்ணில கலந்து ஊத்துவோம்."

"எதுல அரைப்ப? எங்க வூட்டு மிக்ஸிலயா?"

"ஆமாக்கா."

"நல்லா படிச்சுகினு வந்த போ! சட்னிக்கு நான் எங்க போறது?"

திட்டிக்கொண்டேதான் மிக்ஸியைக் கொடுத்தார். ஊற்றிய பிறகு, யூரியாவும் நின்றுபோனதில் கன்றுகள் இன்னும் வெளுத்தன. தினமும் ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவன் சொல்கிறான் என்றுதானே அக்கா நம்பினார்! சில வாரம் கழித்துக் கொழுந்தில் பச்சை தெரிந்தது. வேரில் கடுகளவு முடிச்சுகள்.

ஏகாம்பரம் வந்தார். அவரே ஒரு கன்றை உருவிப் பார்த்தார். "இன்னா நைனா, வேர்ல புழு முடிச்சு கீது? என் கத்திரிக்கா இப்புடித்தான் நாசமாச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வேரைக் காட்டினேன். "புழுன்னா வேரே வீங்கி, செடி வாடும்ணே. இது வேரோரமா கொத்தா ஒட்டிகினு கீது. செடியப் பாருங்க, யூரியா இல்லாமலே பச்சயா கீது" என்றேன்.

வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கத்திரிக்கு வந்தா வியாதி, சவுக்குக்கு வந்தா வைத்தியரா? சரி, வண்டில ஏத்து."

அக்கா முதல் டிரேயைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

வேளாண்மை படிக்கும் தம்பிகளே, இலை வெளுத்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.